ரிங்லெட் ஏரிக்கரையை மக்களுக்குத் திறக்க வேண்டும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் வாகனங்கள் ஊர்கின்றன. கீ ஃபார்ம் சந்தையிலிருந்து பட்டணத்துக்கு வர வேண்டிய சில கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் நாள்கள் உண்டு. கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் குளிரைத் தேடி வரும் குடும்பம் ஸ்ட்ராபெரி பறிக்கிறது, தேயிலைச் சரிவின் முன் நின்று படம் எடுக்கிறது, இரவுச் சந்தையில் சுட்ட சோளம் வாங்குகிறது, அடுக்குமாடி விடுதியில் படுத்தெழுந்து மறுநாள் அதே நெரிசலில் இறங்கிப் போகிறது. இரண்டு நாள் மலையில் இருந்தும் அவர்கள் காதில் விழுந்தது பெரும்பாலும் ஹார்ன் சத்தம்தான்.

அந்த வாகனங்களில் பல, தாப்பா சாலை வழியாக ஏறும்போது ரிங்லெட்டைத் தாண்டியதும் ஓர் ஏரியின் ஓரமாகவே வருகின்றன. நீளமான, அமைதியான நீர்ப்பரப்பு. சுற்றிலும் காடும் தோட்டமும். பெரும்பாலோர் அங்கே நிறுத்துவதில்லை. நிறுத்துகிற சிலரும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கரையில் மக்கள் கூடாரம் போட்டு ஓரிரு இரவு தங்குவதற்கு ஒழுங்கான, அனுமதி பெற்ற, அளவான ஓர் இடம் வேண்டும் என்பது என் கோரிக்கை. கேமரன் மலைக்குச் சுற்றுலா இடங்கள் குறைந்துவிட்டன என்பதற்காக இதைக் கேட்கவில்லை. அந்த ஏரி மண்ணால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. அதன் கரையில் உட்கார ஆள் இல்லாததால் அது நிரம்புவது யாருக்கும் உறைக்கவில்லை.

பிரிஞ்சாங்கில் இருப்பவர்கள் அந்த ஏரியை வேறோர் ஊரின் விஷயமாக நினைப்பது வழக்கம். நீர் அப்படி நினைப்பதில்லை. பிரிஞ்சாங் மலைப்பக்கத்திலிருந்து வரும் பெர்த்தாம் ஆறு நம் பட்டணத்தை ஒட்டி ஓடி, கோல்ஃப் திடலைக் கடந்து, தானா ராத்தா வழியாகப் போய் ராபின்சன் அருவியில் விழுந்து, ஹாபு பக்கம் ஏரியில் சேர்கிறது. ஒன்பதாம் எண் காட்டுப்பாதையில் நடந்தவர்களுக்கு இந்த ஆற்றின் நிறம் தெரியும். நல்ல மழை பெய்த மறுநாள் அருவி தே தாரிக் நிறத்தில் விழுகிறது. பிரிஞ்சாங்கில் ஒரு சரிவை வெட்டினால் அந்த மண் போய்ப் படியும் இடம் ரிங்லெட்.

ஏரி என்று சொன்னாலும் இது இயற்கையாக அமைந்தது அன்று. மின்சாரத்துக்காக பெர்த்தாமின் குறுக்கே கட்டி 1963-இல் முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் இது. அணையின் உயரம் சுமார் 40 மீட்டர். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,070 மீட்டர். பெர்த்தாம் ஒன்றின் நீர் போதாது என்று பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து தெலோம் ஆற்றையும் அதைச் சேர்ந்த சிற்றாறுகளையும் சுரங்கம் வெட்டித் திருப்பிவிட்டார்கள். அந்த நீர் ஹாபுவில் உள்ள சிறிய நிலையத்தைச் சுழற்றிவிட்டு ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து இன்னொரு சுரங்கம் மலைத்தொடரையே துளைத்துக்கொண்டு பேராக் பக்கம் இறங்குகிறது. அங்கே ஜோரில், பூமிக்கடியில், 100 மெகாவாட் திறனுள்ள சுல்தான் யூசுப் மின்நிலையம் இருக்கிறது. அதற்கும் கீழே வோவில் 150 மெகாவாட் நிலையம். பகாங் ஆற்றோடு சேர்ந்து கிழக்கே தென்சீனக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய நீர், இன்று மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் மனிதர் ஓர் ஆற்றின் கடலையே மாற்றிய இடம் இது. அந்தத் துணிவை விளக்கும் ஒரு பலகைக்காவது கரையில் இடம் தர வேண்டாமா?

துணிவோடு கட்டியவர்கள் ஒரு கணக்கும் போட்டிருந்தார்கள். ஏரியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 63 லட்சம் கன மீட்டர். அதில் அடியில் உள்ள 16 லட்சம் கன மீட்டரை ஆற்றோடு வரும் மண்ணுக்கென்றே ஒதுக்கினார்கள். ஆண்டுக்கு இருபதாயிரம் கன மீட்டர் வீதம் மண் வந்தால் அந்த இடம் நிரம்ப எண்பது ஆண்டு ஆகும் என்பது கணக்கு. அன்றைய காட்டுக்கு அந்தக் கணக்கு சரி. காடு அப்படியே நிற்கவில்லை. சரிவுகளில் காய்கறித் தோட்டங்கள் ஏறின. அவற்றின் மேல் பிளாஸ்டிக் கூரைகள் ஏறின. பெய்யும் மழை மண்ணில் இறங்க வழியில்லாமல் கூரை விளிம்புகளில் கொட்டி, வெட்டிப்போட்ட மண்ணை அள்ளிக்கொண்டு ஓடியது. சாலைகளும் விடுதிகளும் தம் பங்கைச் சேர்த்தன. தெலோம் சுரங்கம் வழியாகக் கம்போங் ராஜா, கோலா தெர்லா பக்கத்து மண்ணும் வந்து சேர்ந்தது. எண்பது ஆண்டுக்கு என்று வைத்த இடம் சில பத்தாண்டுகளிலேயே நிரம்பி, அதற்கு மேலும் சேறு ஏறியது. அணையை நடத்தும் மின்நிறுவனமான தெனாகா நேஷனல் பெருஞ்செலவில் தூர்வாருகிறது. வாரிய இடத்தில் அடுத்த பருவமழை மறுபடியும் மண்ணைக் கொண்டுவந்து போடுகிறது.

தேயிலையைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பழி பலநேரம் அதன்மேலும் விழுகிறது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் அனுபவம் பெற்ற துரை ஒருவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை அழித்துத்தான் தொடங்கினார். அது மறுக்க முடியாதது. ஆனால் நன்றாக வளர்ந்து மூடிய தேயிலைச் செடி மண்ணைப் பிடித்து வைக்கிறது. சில மாதத்துக்கு ஒருமுறை கொத்திப் புரட்டும் காய்கறிப் பாத்தி அப்படிப் பிடிப்பதில்லை. இதைச் சொல்லும்போது காய்கறி விவசாயியை வில்லனாக்கவும் நான் விரும்பவில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நாம் மலிவாக வாங்கும் முட்டைக்கோஸ்தான் அந்தச் சரிவைக் கொத்தவைக்கிறது. அவர்களில் பலருக்குத் தற்காலிக உரிமம்தான் நெடுங்காலம் இருந்தது. அடுத்த ஆண்டு தன்னிடம் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் கல்லடுக்கிப் படிக்கட்டு வரப்பு கட்டுவார்?

இந்த மண் வெறும் அழகுப் பிரச்சினை அன்று. கொள்ளளவு குறைந்த ஏரியால் பெருமழையைத் தாங்கிக்கொள்ள முடியாது. நீர் சட்டென்று ஏறும், மதகைத் திறந்தாக வேண்டும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அதுதான் நடந்தது. திறந்துவிட்ட நீர் சேறும் மரமுமாக, அணைக்குக் கீழே உள்ள லெம்பா பெர்த்தாமில் பாய்ந்தது. வீடுகள் போயின, வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, குறைந்தது மூன்று உயிர்கள் பலியாயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மண்சரிவும் சேற்று வெள்ளமும் அதே பகுதியை மறுபடி தாக்கி மேலும் உயிர்களைக் கொண்டுபோயின. ஏரிக்குள் ஏறும் ஒவ்வொரு லாரி மண்ணும் கீழே உறங்குகிறவர்களின் பாதுகாப்பிலிருந்து எடுத்துக்கொண்ட பங்கு.

இப்படிப்பட்ட இடத்தில் கூடாரமா என்று கேட்பது நியாயம். பத்தாங் காலியை நாம் மறக்கவில்லை. 2022 டிசம்பர் 16 அதிகாலை, கெந்திங் சாலையோரம் ஓர் இயற்கைப் பண்ணையின் முகாம் தளத்தில் சரிவு இடிந்து விழுந்து 31 பேர் இறந்தார்கள். பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள், பள்ளி ஆசிரியர்கள், விடுமுறையைக் கொண்டாட வந்தவர்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் அனுமதி இருக்கவில்லை. தொடர்மழையில் ஊறிய சரிவு தூங்குகிறவர்கள்மேல் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு நாடெங்கும் முகாம்கள் தற்காலிகமாக மூடப்பட்டன, வழிகாட்டி நெறிகள் வந்தன, ஊராட்சிகள் கணக்கெடுத்தன. அதற்கு முன், கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்தபோது, வெளிநாடு போக முடியாத மலேசியர்கள் கூடாரம் வாங்கிக்கொண்டு ஆற்றோரத்துக்கும் அருவிக்கும் கிளம்பினார்கள். காலி நிலம் வைத்திருந்த பலர் ஒரே இரவில் முகாம் நடத்துநர்கள் ஆனார்கள். அந்த அவசரத்தில் சரிவையும் மழையையும் பற்றிக் கேட்க யாரும் இல்லாமல் போனது.

பத்தாங் காலியிலிருந்து நான் கற்றுக்கொள்வது, முகாமே கூடாது என்பதை அல்ல. ஆர்வம் இருக்கிறது, அது போகப்போவதில்லை. அதிகாரப்பூர்வமான இடம் இல்லையென்றால் மக்கள் அனுமதியற்ற இடத்தில் படுப்பார்கள். நம் மலையில் வனத்துறையின் சுங்கை பாவ் முகாம் தளம் இருக்கிறது. பள்ளிச் சாரணர்களும் கல்லூரி மாணவர்களும் அங்கே தங்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தனியார் தளங்களும், சாலையோரத்தில் காரை நிறுத்திப் பின்கதவைத் திறந்து படுப்பதும்தான். பாதுகாப்பை அளந்து, அனுமதி கொடுத்து, பொறுப்பாள் வைத்து நடத்தப்படும் ஓர் இடம், தடை என்று எழுதிய பத்துப் பலகைகளைவிடப் பாதுகாப்பானது.

எங்கே என்பது முதல் கேள்வி. அணைக்குக் கீழே ஒருபோதும் கூடாது. லெம்பா பெர்த்தாம் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு கூடாரம்கூட வேண்டாம். அணையும் மின்நிலையங்களும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். அவற்றுக்குப் பக்கத்திலும் கூடாது. ஏரியின் மேல்கரையில், உச்ச நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே, பின்னால் வெட்டிய சரிவு இல்லாத, ஏறக்குறைய சமமான நிலம் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் கனிமப் புவி அறிவியல் துறையினர். நிலம் வைத்திருப்பவரோ அரசியல்வாதியோ அதைத் தீர்மானிக்கக் கூடாது. அவர்கள் பார்த்துவிட்டு, அப்படிப்பட்ட இடம் அந்தக் கரையில் இல்லவே இல்லை என்று சொன்னால் நான் இந்தக் கோரிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, பகலில் மட்டும் உட்கார ஒரு கரை கேட்பேன்.

இடம் கிடைத்தால் முப்பது கூடாரத்துக்கு மேல் வேண்டாம். அக்டோபர், நவம்பர் முழுக்க மூடிவிட வேண்டும். தளத்திலேயே மழைமானி இருக்க வேண்டும், குறித்த அளவு மழை பெய்தால் நள்ளிரவானாலும் எழுப்பி வெளியேற்றும் அதிகாரம் அங்குள்ள பொறுப்பாளுக்கு இருக்க வேண்டும், அதற்காக யாரிடமும் தொலைபேசியில் அனுமதி கேட்டு நிற்கக் கூடாது. ஜெனரேட்டர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, கராவோக்கே இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். இரவு பதினைந்து டிகிரிக்கு இறங்கும் குளிரில், தவளைச் சத்தமும் தூரத்தில் இரவுப் பறவையும் கேட்கும் கரைக்கு ஒருவர் தன் ஒலிபெருக்கியோடு வருவாரானால் அவருக்கு பிரிஞ்சாங்கில் அறை எடுக்க உரிமை இருக்கிறது. தரையில் நெருப்பு மூட்டுவதும் கூடாது. கேஸ் அடுப்பு போதும். ஏரியில் இறங்கிக் குளிக்கக் கூடாது. விவசாய மருந்தும் ஊர்க்கழிவும் கலந்த நீர் அது. மின்நிலையம் இழுக்கும்போது மட்டம் ஏறி இறங்கும். கரையோரச் சேறு காலை வைத்தால் உள்ளே வாங்கும்.

குளிக்க முடியாத ஏரிக்கரையில் என்ன செய்வது? உட்காரலாம். இதற்குப் பயிற்சி தேவைப்படும் அளவுக்கு நம் விடுமுறைகள் ஆகிவிட்டன. விடியலில் ஏரிமேல் நிற்கும் மூடுபனி எட்டு மணிக்குத்தான் விலகும். மீன்கொத்தி வரும். ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடக்கும் மூலையில் பிளாஸ்டிக் புட்டிகளும் உரச்சாக்குகளும் சேர்ந்திருப்பது தெரியும். அவை எங்கிருந்து வந்தன என்று பிள்ளை கேட்கும். மழைக்குப் பின் ஹாபு பக்கமிருந்து ஒரு பழுப்புக் கோடு தெளிந்த நீருக்குள் மெல்ல விரிந்து வருவதைப் பார்க்கலாம். ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தவருக்கு வண்டல் என்பது அறிக்கையில் வரும் எண்ணாக இருக்காது.

நம் முன்னோர் ஊரில் ஏரி வைத்த விதம் இந்த எண்ணத்துக்கு எனக்குத் துணை. தமிழ்நாட்டில் ஏரிகளையும் கண்மாய்களையும் தூர்வாரி, கரை உயர்த்தி, மதகு பார்த்தது ஊரார் உழைப்பான குடிமராமத்து. அந்த முறையைப் புனிதமாக்கிப் பேச நான் தயாரில்லை. உழைத்தவர்களில் கட்டாயத்தின் பேரில் உழைத்தவர்கள் ஏராளம். 1858-இல் ஆங்கில அரசு அதற்கென்று கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. ஆனால் ஒன்று உண்மை. கரைமேல் நடந்தவர்கள், கரையில் மாடு மேய்த்தவர்கள், கரைக்கோயிலில் பொங்கல் வைத்தவர்கள் ஏரி மேடாவதை முதலில் கண்டார்கள். ஏரி பொதுப்பணித் துறையின் சொத்தாகி, கரையில் வேலி வந்த இடங்களில் அந்தக் கண்கள் விலகின. ரிங்லெட் பிறந்த நாளிலிருந்தே மின்வாரியத்தின் ஏரி. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்கள் திறமையானவர்கள். இருந்தாலும் மேலே ஒரு சரிவு வெட்டப்படும்போது கூச்சல் போட ஓர் ஊர் அதற்கு இல்லை.

இலங்கை மலையகத்தில் இதே போன்ற காட்சியைக் காணலாம். அட்டன் பக்கம் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 1960-களில் எழுந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயிலும் மற்ற வழிபாட்டிடங்களும் வெளியே தெரியும், மக்கள் திரண்டு போய்ப் பார்ப்பார்கள். அந்த ஏரிகளைப் பார்த்த துரை பங்களாக்கள் இன்று வெளிநாட்டார் தங்கும் விலையுயர்ந்த விடுதிகள். லயத்தில் பிறந்த பிள்ளை அந்த முற்றத்தில் தேநீர் பரிமாறுகிறது. அந்தக் கரையில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்க அதற்கு நேரமில்லை. நம் மலையிலும் அதே திசையில்தான் காற்று வீசுகிறது. ஆடம்பரக் கூடாரம், உள்ளே மெத்தை, ஓர் இரவுக்குப் பல நூறு வெள்ளி என்ற வகை முகாம்கள் நாடெங்கும் முளைக்கின்றன. ரிங்லெட் கரை அந்த வழியில் போனால், திறக்காமலேயே இருந்திருக்கலாம் என்று சொல்வேன்.

ஏனென்றால் அந்தக் கரைக்கு முதல் உரிமை உள்ளவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். செமாய் மக்கள் அணைக்கும் தோட்டத்துக்கும் முன்பே இந்தக் காட்டில் இருந்தவர்கள். தளத்தின் வழிகாட்டிகளும் பொறுப்பாளர்களும் அவர்களிலிருந்து, முறையான சம்பளத்தோடு வர வேண்டும். அடுத்தது தோட்டத்துக் குடும்பங்கள். ரிங்லெட், தானா ராத்தா, போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று மலை முழுக்கத் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் ஏரியைப் பேருந்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் சரிவில் அவர்களின் தாத்தாவும் பாட்டியும் கூடை சுமந்தார்கள். பெற்றோர் விடுதியிலும் பண்ணையிலும் வேலை பார்ப்பதால், மற்றவர்களுக்கு விடுமுறை வரும்போது அவர்களுக்கு வேலை கூடுகிறது. மலையில் பிறந்து மலையை ஓய்வாகப் பார்க்காத தலைமுறைகள் இங்கே உண்டு.

மக்கள் வந்தால் கரை நாசமாகும் என்பது எதிர்வாதம். பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் அதைப் பார்த்தோம். மிதிபட்ட இடத்தில் பாசி போனது, மரப்பலகைப் பாதை போட்டுத்தான் மண்ணைக் காக்க முடிந்தது. அது உண்மையான பயம், அதனால்தான் முப்பது கூடாரம் என்றேன். ஆனால் இரண்டையும் எடைபோட வேண்டும். முகாமிடுபவர் விட்டுச்செல்லும் குப்பையைப் பொறுப்பாள் ஒரு காலையில் பொறுக்கிவிடலாம். உச்சியில் அனுமதியில்லாமல் வெட்டிய ஒரு சரிவிலிருந்து வரும் மண்ணை எந்தப் பொறுப்பாளும் பொறுக்க முடியாது. நாம் இதுவரை பயந்தது முதலாவதற்கு, பொறுத்துக்கொண்டது இரண்டாவதை.

மாவட்ட மன்றமும் தெனாகாவும் வனத்துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் இது ஓராண்டு வேலை. கட்டணத்தில் ஒரு பகுதி, மேல்சரிவில் நிலம் வைத்திருப்பவர்கள் வரப்பும் வண்டல் குழியும் அமைக்க உதவும் நிதிக்குப் போக வேண்டும். அப்போது கரையில் படுப்பவரும் சரிவில் பயிரிடுபவரும் ஒரே கணக்கில் வருவார்கள். ஆண்டுதோறும் எவ்வளவு மண் வந்தது, எவ்வளவு வாரப்பட்டது என்பதைத் தளத்தின் வாசலில் எழுதி வைக்க வேண்டும். எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு மலாய், தமிழ், சீனம், வங்காளி, நேபாளி ஆகிய மொழிகளில் இருக்க வேண்டும். லெம்பா பெர்த்தாமிலும் அதே பலகை வேண்டும், ஏனென்றால் அங்கே பண்ணைகளில் வேலை செய்து உறங்குகிறவர்களில் பலருக்கு மலாய் வாசிக்க வராது. தளம் திறக்கும் ஆண்டில், பள்ளி விடுமுறையின் முதல் வாரத்துக்கான முப்பது இடத்தையும் மலையின் தமிழ்ப்பள்ளிகளுக்கும் செமாய் கிராமப் பிள்ளைகளுக்கும் இலவசமாக ஒதுக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் இரண்டாம் வாரத்துக்குப் பதிவு செய்துகொள்ளட்டும்.